டிரில் போட்டா கறுப்புப் பொடி கொட்டுது: இந்தப் பழைய வீட்டுச் சுவர் எதுல கட்டினது?

வாசகர் ஒருத்தர் ரொம்ப விவரமா எழுதியிருக்காங்க. பேரும் ஊரும் வேணாம்னு கேட்டுக்கிட்டதால அதை விட்டுட்டு விஷயத்தை மட்டும் சுருக்கமா சொல்றேன். 90 வருஷத்துக்கு மேல ஆன ஒரு வீட்டை இவங்களும் வீட்டுக்காரருமா சேர்ந்து வாங்கியிருக்காங்க. ஷெல்ஃப் மாட்டலாம்னு ஹாலோட நடுச்சுவர்ல டிரில் போட்டா முதல் அரை இன்ச் சாம்பல் கலர்ல கெட்டியா வந்திருக்கு, அதுக்கப்புறம் கறுப்பா, கரித்துண்டு மாதிரி குட்டிக் குட்டி துண்டோட பொலபொலன்னு கொட்டியிருக்கு. சந்தேகம் வந்து பெட்ரூம் சுவர்ல போட்டுப் பாத்திருக்காங்க, அங்க வெள்ளைப் பொடியும் முடி மாதிரி இழையும் வந்து, டிரில் பிட்டு டொக்குனு காலி இடத்துக்குள்ள விழுந்திருக்கு. வெளிச்சுவர் 18 இன்ச் தடிமன், அதுல 3 இன்ச் தாண்டினதும் செம்பழுப்பு மண்ணு. வீட்டுக்குப் பின்னாடி பிற்பாடு சேர்த்துக் கட்டின சின்ன ரூம்ல சுவர்னே ஒண்ணும் இல்ல, சாம்பல் கலர் ஷீட்டு, ஜாயின்ட் மேல பட்டி வச்சு அடிச்சிருக்கு, அதுலயும் ஒரு ஓட்டை போட்டாச்சு.

இப்ப ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்களாம். மச்சான், "இழை இழையா வருதுன்னா ஆஸ்பெஸ்டாஸ்தான், வீட்டை வித்துடுங்க"ங்கறாராம். கொத்தனார், "வெளிச்சுவர் மண்ணுதான், மொத்தமா சிமெண்ட் பூசி வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சா கல்லு மாதிரி ஆயிடும்"ங்கறாராம். கான்ட்ராக்டர், "நடுச்சுவர் வெறும் 4 இன்ச், வெயிட் தாங்கற சுவரே இல்ல, ஒரே நாள்ல இடிச்சு ஹாலைப் பெருசாக்கித் தர்றேன்"ங்கறாராம். இவங்க பங்குக்கு வெளிச்சுவர்ப் பொடி மேல வினிகர் ஊத்திப் பாத்திருக்காங்க, நுரைச்சுதாம், அதனால உள்ள முழுக்க சுண்ணாம்புக்கல்னு முடிவு பண்ணிட்டாங்க. கேள்வி அஞ்சு: இதெல்லாம் என்ன, உடம்புக்கு ஆபத்தா, நடுச்சுவரை எடுக்கலாமா, வித்தவங்க மறைச்சிருந்தா கேஸ் போட முடியுமா, குழந்தை ரூம்ல பழைய பெயிண்ட்டை சுரண்டலாமா.

வணக்கம். ஒவ்வொரு சுவரையும் தனித்தனியா பிரிச்சு எழுதினீங்க பாருங்க, பாதி வேலை அதுலயே முடிஞ்சது. நிறைய பேர் "என் வீட்டுச் சுவர் என்ன மெட்டீரியல்"னு ஒரே கேள்வியா கேப்பாங்க, ஆனா அந்தக் காலத்து வீட்டுல சுவருக்கு சுவர் சரக்கு மாறும், ஒரே சுவர்லயே பூச்சு ஒண்ணு, உள்ள கல்லு ஒண்ணு, கல்லுக்கு நடுவுல வச்ச கலவை வேற ஒண்ணுன்னு இருக்கும், நடுவுல யாரோ ரிப்பேர் பண்ணினது தனி. அதனால ஒரு ஓட்டைலேர்ந்து வந்த பொடியை வச்சு மொத்த வீட்டுக்கும் பேர் வைக்கக் கூடாது. இன்னொண்ணு, பேரு கடைசியா தெரிஞ்சாக்கூட பரவாயில்ல. இந்தச் சுவரைத் தொட்டா காத்துல என்ன பறக்கும், இந்தச் சுவர் மேல எது உக்காந்திருக்கு, இந்த ரெண்டுக்கும் பதில் தெரியாம அடுத்த ஓட்டை போடாதீங்க.

பின்பக்க ரூம் ஷீட்டுதான் முதல்ல

உங்க லிஸ்ட்ல இது கடைசியா இருக்கு, என் லிஸ்ட்ல இதுதான் முதல்ல. முடி முடியா வந்த பெட்ரூம் சுவரைப் பாத்து பயந்துட்டு, வழவழன்னு கெட்டியா இருக்கற இந்த ஷீட்டை யாருமே கண்டுக்கல. உண்மை பெரும்பாலும் தலைகீழா இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் நார் கண்ணுக்குத் தெரியற தடிமன்ல பறக்கறதில்ல, மைக்ராஸ்கோப்ல பாக்கற அளவுக்கு நுணுக்கம், அதனாலதான் நுரையீரல் அடி வரைக்கும் போகுது. சிமெண்ட்டோட ஆஸ்பெஸ்டாஸ் நாரைக் கலந்து ஷீட்டா போடற முறைக்கு ஆஸ்திரியாக்காரர் லுட்விக் ஹாட்ஷெக் 1901ல காப்புரிமை வாங்கினாரு, அதுக்கப்புறம் உலகம் முழுக்க கூரை, சுவர், பைப்புனு பரவிடுச்சு. பிரிட்டன் நீலம், பழுப்பு ரக ஆஸ்பெஸ்டாஸை 1985லயும் வெள்ளை ரகத்தை 1999லயும் தடை பண்ணுச்சு, ஆஸ்திரேலியா 2003 கடைசியில, ஐரோப்பிய யூனியன் 2005ல. இன்னும் தடை பண்ணாத நாடுகளும் இருக்கு. அதனால உங்க நாட்டுல எந்த வருஷம்னு பாத்து, அந்த ரூம் அதுக்கு முன்னாடி கட்டினதான்னு ஒப்பிடுங்க. முன்னாடின்னா, ஆஸ்பெஸ்டாஸ் இருக்குன்னே வச்சுக்கிட்டு நடந்துக்கணும், லேப் இல்லன்னு சொல்ற வரைக்கும்.

கண்ணால பாத்து சொல்ல முடியுமான்னா, முடியாது. நான் மட்டுமில்ல, யாராலயும் முடியாது. ஜிப்சம் போர்டுன்னா ரெண்டு பக்கமும் பேப்பர் ஒட்டியிருக்கும், ஓரத்துல பாத்தா தெரியும். மரச்சீவலை சிமெண்ட்ல பிணைச்ச பலகைன்னு ஒண்ணு இருக்கு, நூடுல்ஸ் காஞ்சு போன மாதிரி இழை பெருசு பெருசா தெரியும், 1908 வாக்குல ஆஸ்திரியாவுல ஆரம்பிச்சது, அதைப் பாத்தும் நிறைய பேர் தேவையில்லாம அலறுவாங்க. ஆனா பேப்பரும் இல்லாம, மரச்சீவலும் இல்லாம, சாம்பல் கலர்ல இருக்கற ஷீட்டுல ரெண்டு ரகம் உண்டு. ஒண்ணு கெட்டியான சிமெண்ட் ஷீட்டு, அதுல நார் சுமாரா 10லேர்ந்து 15 சதவீதம், சிமெண்ட் இறுக்கிப் பிடிச்சிருக்கறதால உடைக்காத வரைக்கும் பெருசா வெளிய வராது. இன்னொண்ணு தீத்தடுப்புக்குப் போட்ட மிருதுவான பலகை, அதுல நார் இன்னும் அதிகம், பிடிமானம் கம்மி, டிரில் பட்டாலே பறக்கும். பெயிண்ட் அடிச்சுட்டா ரெண்டையும் வித்தியாசம் காண்றது கஷ்டம்.

நீங்க ஏற்கனவே ஒரு ஓட்டை போட்டாச்சு, அதை நினைச்சு தூக்கம் கெட வேணாம். ஆஸ்பெஸ்டாஸ் வியாதிங்கறது பெரும்பாலும் வருஷக்கணக்குல அந்தத் தூசியை சுவாசிச்சவங்களுக்கு வர்றது, மூச்சு மூச்சா சேர்ந்துதான் ரிஸ்க் ஏறும், ஒரு தடவை ஒரு ஓட்டைக்கு ரிஸ்க் ரொம்ப ரொம்பக் கம்மி. அதே சமயம் வியாதி வெளிய தெரிய 20லேர்ந்து 50 வருஷம் வரைக்கும் ஆகும், அதனால "அன்னிக்கு போட்டேன் ஒண்ணும் ஆகலையே"ங்கறது கணக்கே இல்ல. இப்ப செய்ய வேண்டியது: கீழ விழுந்த பொடியை துடைப்பத்தால பெருக்காதீங்க, வீட்டு வேக்குவம் கிளீனரையும் போடாதீங்க, அது தூசியை வடிகட்டாம பின்பக்கமா ஊதித் தள்ளிடும். ஈரத்துணியால துடைச்சு, துணியோட ரெண்டு கவர்ல போட்டுக் கட்டி ஓரமா வைங்க, தூக்கிப் போடறது எப்படின்னு உங்க ஊர் விதி என்ன சொல்லுதோ அப்படி. ஓட்டை மேல அகலமா டேப் ஒட்டுங்க. அப்புறம் ஆஸ்பெஸ்டாஸ் எடுக்கப் பயிற்சி உள்ள ஆளைக் கூப்பிட்டு ஒரு சின்னத் துண்டு எடுத்து லேப்புக்கு அனுப்புங்க, போலரைஸ்டு லைட் மைக்ராஸ்கோப்னு ஒரு முறையில பாத்து என்ன ரகம்னு வரைக்கும் சொல்லிடுவாங்க. காசு மிச்சம் பிடிக்க நினைச்சா வேற எங்கயாவது பிடிங்க, இதுல வேணாம்.

ரிசல்ட்ல இருக்குன்னு வந்தாக்கூட உடனே பிடுங்கணும்னு இல்ல. உடையாம, உதிராம, பெயிண்ட்டோட நல்லா இருக்கற ஷீட்டை அப்படியே விட்டு, லேபிள் ஒட்டி, அப்பப்ப பாத்துக்கறதுதான் நிறைய கேஸ்ல பாதுகாப்பான வழி. தப்பா பிடுங்கறப்பதான் ஆபத்து பெருசாகுது.

பெட்ரூம்ல வந்த முடி

இது அநேகமா முடிதான். மாட்டு முடி, ஆட்டு முடி, குதிரை முடி, எது கிடைச்சுதோ அது. அந்தக் காலத்து சுண்ணாம்புப் பூச்சு காயறப்ப வெடிக்காம இருக்க கலவையில முடி கலப்பாங்க, இழை இழையா விரல்ல எடுத்துப் பாக்கற அளவுக்கு நீளமா இருக்கும். பின்னாடி காலி இடத்துல பிட்டு விழுந்துச்சுன்னு சொன்னீங்க இல்லையா, அதுவும் இதோட பொருந்துது. மரச்சட்டம் நிறுத்தி, அதுக்கு குறுக்க மெல்லிசான மரப்பட்டிகளை இடைவெளி விட்டு வரிசையா அடிச்சு, அது மேல பூசின சுவர். கலவை அந்த இடைவெளி வழியா பின்பக்கம் பிதுங்கி கொக்கி மாதிரி மடிஞ்சு காஞ்சிருக்கும், அந்தக் கொக்கிதான் பூச்சையே பிடிச்சு வச்சிருக்கு. சுத்தியால ஓங்கி அடிச்சா, இல்ல சுத்தற டிரில்லுக்குப் பதிலா இடிக்கற மோட்ல போட்டா கொக்கி உடைஞ்சு, ஓட்டை போட்ட இடம் சும்மா இருக்க ரெண்டடி தள்ளி பூச்சு தொங்கும்.

உறுதி பண்ணிக்க ஒரு வழி: ஸ்ட்ராங்கான சின்னக் காந்தத்தை நூல்ல கட்டி சுவர் மேல மெதுவா நகர்த்துங்க. பட்டி அடிச்ச ஆணிகள்ல டக்கு டக்குனு இழுக்கும். நெட்டுக்குத்தா ஒரே கோட்டுல, கொஞ்ச தூரம் விட்டு மறுபடி இன்னொரு கோட்டுல வந்தா அங்கதான் சட்டம் இருக்கு. கனமா எது மாட்டினாலும் அந்தச் சட்டத்துல ஸ்க்ரூ ஏறணும். காந்தம் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இழுத்துச்சுன்னா மரப்பட்டிக்குப் பதிலா இரும்பு வலை இருக்கு. மச்சான்கிட்ட ஒண்ணு மட்டும் ஒத்துக்கணும், பழைய பூச்சு மேல பிற்காலத்துல அடிச்ச சொரசொரப்பான டிசைன் கோட்டிங் சிலதுல ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்காங்க, சட்டத்துக்கு நடுவுல காலி இடத்துல உதிரியா ஏதாவது கொட்டி நிரப்பியிருந்தாலும் அதை நோண்டக் கூடாது. வெர்மிகுலைட்னு பளபளன்னு லேசான சரக்கு ஒண்ணு, அமெரிக்காவுல லிபிங்கற ஊர்ச் சுரங்கத்துலேர்ந்து 1990 வரைக்கும் வந்தது, அதுலயே ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்துச்சு. உங்க ஓட்டைலேர்ந்து அந்த மாதிரி எதுவும் கொட்டலைன்னு படுது, இருந்தாலும் லேப்புக்கு அனுப்பறப்ப இந்தப் பூச்சுலயும் ஒரு சிட்டிகை சேர்த்து அனுப்பிடுங்க, எல்லாருக்கும் நிம்மதி.

கறுப்பா கொட்டின நடுச்சுவர்

இதுதான் சுவாரசியமான ஆளு. நிலக்கரி எரிச்ச உலைச் சாம்பலையும் கிட்டத்தையும் (எரிஞ்சு மிஞ்சற கட்டி) சிமெண்ட்ல கலந்து வார்த்த பிளாக்கா இருக்கணும். ரயில், பவர் ஹவுஸ், ஃபேக்டரின்னு எங்க பாத்தாலும் நிலக்கரி எரிஞ்ச காலம், மலை மலையா கிட்டம் குவிஞ்சு கிடந்துச்சு, அதை சும்மா கொட்டறதுக்குப் பதிலா பிளாக்கு போட ஆரம்பிச்சாங்க. அமெரிக்காவுல பிரான்சிஸ் ஸ்ட்ராப்ங்கறவர் 1917ல இதுக்கு காப்புரிமை வாங்கினாரு, பிரிட்டன்ல அதுக்கு முன்னாடியே புழக்கத்துல இருந்துச்சு. லேசா இருக்கும், விலை கம்மி, நேரா ஆணி அடிச்சா பிடிச்சுக்கும், அதனால உள்சுவருக்குன்னே விரும்பிப் போட்டாங்க. முதல் அரை இன்ச் சாம்பலா கெட்டியா வந்தது மேல் பூச்சு, உள்ள வந்த கரித்துண்டு முழுசா எரியாத நிலக்கரி.

பலவீனம் ரெண்டு. ஒண்ணு ஈரம். எரியாத கரியும் கந்தகமும் மிச்சம் இருக்கறதால நனைஞ்சா சில பிளாக் ஊதும், வெடிக்கும், உள்ள போன இரும்பு ஆணியை அரிச்சுடும். பாத்ரூம் பக்கத்துச் சுவர் இதுன்னா பைப் லீக்கை முதல்ல பாருங்க, ஸ்க்ரூ போட்டா ஸ்டெயின்லெஸ் போடுங்க. ரெண்டாவது பிடிமானம், பொலபொலன்னு இருக்கற இடத்துல சாதாரண ப்ளாஸ்டிக் ப்ளக் சுத்திக்கிட்டே இருக்கும். வலைக்குழாய் சொருகி கெமிக்கல் ஆங்கர் (பசை ஊத்தி இறுக வைக்கற போல்ட்) போடலாம், இல்லன்னா சுவர்ல நீளமா ஒரு மரப்பட்டியை பல இடத்துல ஸ்க்ரூ பண்ணி அது மேல ஷெல்ஃபை மாட்டுங்க, வெயிட் பரவிடும்.

கிட்டம்னு அடிச்சுச் சொல்லிட்டேன், ஆனா பழைய கான்க்ரீட் பிளாக்குல வேற கதைகளும் உண்டு. இங்கிலாந்துல கார்ன்வால், டெவன் பக்கம் 20ஆம் நூற்றாண்டு முதல் பாதியில சுரங்கக் கழிவுக் கல்லைப் போட்டு வார்த்த பிளாக்கெல்லாம் அதுல இருந்த பைரைட்ங்கற இரும்பு, கந்தகம் கலந்த தாது ஈரம் பட்டு நொறுங்கிப் போச்சு, இன்னிக்கும் அங்க அந்தக் காலத்து வீடு வாங்கணும்னா பேங்க்குக்காரன் தனியா டெஸ்ட் ரிப்போர்ட் கேப்பான். ஸ்வீடன்ல 1929லேர்ந்து 1975 வரைக்கும் யுரேனியம் இருக்கற ஷேல் கல்லை வச்சு நீலச்சாம்பல் கலர்ல காத்துக் கான்க்ரீட் பிளாக்கு போட்டாங்க, அதுலேர்ந்து ரேடான்ங்கற கதிரியக்க வாயு வரும். அதனால உங்க ஏரியாவுல அந்தக் காலத்துல எந்த சரக்கு மலிவாக் கிடைச்சுது, பக்கத்துல என்ன சுரங்கம், என்ன ஃபேக்டரின்னு அக்கம்பக்கத்துப் பெரியவங்களைக் கேளுங்க. அதே வருஷத்துல கட்டின பக்கத்து வீட்டுல யாராவது சுவரைத் திறந்திருந்தா அதைப் பாக்கறதை விட நல்ல சோதனை கிடையாது.

வெளிச்சுவரும் வினிகரும்

வினிகர் நுரைச்சா அங்க கார்பனேட் இருக்குன்னுதான் அர்த்தம், சுண்ணாம்புக்கல்னு அர்த்தம் இல்ல. சுண்ணாம்புப் பூச்சு நுரைக்கும், பழைய சிமெண்ட்டும் காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடை இழுத்து கார்பனேட் ஆயிடறதால நுரைக்கும், மண்ணுல கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து இருந்தா அதுவும் நுரைக்கும். இந்த டெஸ்ட்டால உருப்படியா ஒண்ணுதான் தெரியும், சுத்தமான ஜிப்சம் நுரைக்காது. நீங்க ஊத்தினது மூணு இன்ச் வரைக்கும் உள்ள எல்லாம் கலந்து வந்த பொடி மேல வேற.

அதை விட நல்ல சோதனை ஒரு கிளாஸ் தண்ணி. ஓட்டை ஆழத்துலேர்ந்து வந்ததுல பொடியா இல்லாம கட்டியா ஒரு துண்டு எடுத்து, நல்லா காய வச்சு, தண்ணிக்குள்ள மெதுவா விடுங்க. சுடாத மண்ணு சில நிமிஷத்துல குமிழ் விட்டு சரிஞ்சு சேறா உக்காந்துடும். சுண்ணாம்புக் கலவை உருவம் மாறாம கிடக்கும், சுட்ட செங்கல் சொல்லவே வேணாம். சேறு ஆச்சுன்னா அதையே கலக்கி ஒரு ராத்திரி விடுங்க, மணல் அடியில, அதுக்கு மேல வண்டல், களிமண் கடைசியா மெதுவா தெளியும், கலவையோட தன்மை தெரிஞ்சுடும்.

18 இன்ச் சுவர்ல 3 இன்ச் கெட்டியா போய் அப்புறம் மண்ணு வந்துச்சுன்னா எனக்கு ரெண்டு சந்தேகம். ஒண்ணு, சுவர் முழுக்க கல்லோ செங்கல்லோ, நடுவுல வச்சது மண் கலவை, உங்க பிட்டு கல்லோட ஓரத்துல போய் சாந்துக்குள்ள இறங்கிடுச்சு. இன்னொண்ணு, உள்ளயும் வெளியயும் ஒழுங்கா ரெண்டு வரிசை கட்டி, நடுவுல உடைகல்லும் மண்ணும் கொட்டி நிரப்பின சுவர். பழைய தடிமனான சுவர்கள்ல இது சகஜம், பாக்க ஒரே கோட்டை மாதிரி தெரிஞ்சாலும் ரெண்டு தோலும் பிரிஞ்சு வர ஆரம்பிச்சா வயிறு தள்ளும். நீளமான நூல் பிடிச்சு சுவர் நெடுக வச்சுப் பாருங்க, வெளிப்பக்கம் புடைப்பு இருந்தா போட்டோ எடுத்து தேதி எழுதி வைங்க.

புது ஓட்டை போடாமலே பாக்க நிறைய இடம் உண்டு. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவுல, மாடிப்படிக்கு அடியில, பரண் மேல பூசாம விட்ட முக்கோணச் சுவர்ல, மெயின் ஆஃப் பண்ணிட்டு ஸ்விட்ச் பாக்ஸைக் கழட்டினா அதுக்குப் பின்னாடி. ஏற்கனவே இருக்கற ஓட்டைக்குள்ள மொபைல்ல மாட்டற குட்டிக் கேமரா வயரை விட்டும் பாக்கலாம்.

இப்ப கொத்தனார் சொன்ன சிமெண்ட் பூச்சு. அதை அவர் நல்ல எண்ணத்துலதான் சொல்லியிருப்பாரு, ஆனா தயவுசெஞ்சு பண்ணாதீங்க. ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லேண்ட் சிமெண்ட்டுக்கு காப்புரிமை வாங்கினது 1824ல, சாதாரண வீடுகள் வரைக்கும் வந்து சேர அதுக்கப்புறம் ரொம்ப காலம் ஆச்சு, அது வரைக்கும் கட்டின மண், சுண்ணாம்புச் சுவரெல்லாம் ஈரத்தை உள்ள வாங்கி வெளிய விடற மாதிரிதான் யோசிச்சுக் கட்டினது. அது மேல சிமெண்ட்டும் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட்டும் ஏத்தினா மெல்லிசா விழற விரிசல் வழியா தண்ணி உள்ள போகும், திரும்பி வர வழி இருக்காது. உப்பு பூத்து பூச்சை தள்ளும். மண் சுவர்னா அடிப்பாகம் ஊறி பலமே போயிடும், மேல சிமெண்ட் அழகா இருக்கறதால யாருக்கும் தெரியாது. டெவன்ல மண்ணும் வைக்கோலும் குழைச்சுக் கட்டின பழைய வீடுகள் சிலது திடீர்னு சரிஞ்சதுக்கு இந்த சிமெண்ட் பூச்சுக்குள்ள தேங்கின ஈரத்தைத்தான் காரணமா சொல்றாங்க. சுண்ணாம்பு பூசத் தெரிஞ்ச ஆளைத் தேடுங்க, கிடைக்கற வரைக்கும் கூரைத் தண்ணி சுவர் மேல வழியாம, அடியில தேங்காம பாத்துக்கோங்க, அதுவே பாதி வைத்தியம்.

நடுச்சுவரை இடிக்கலாமா

"4 இன்ச்தான், அதனால வெயிட் தாங்காது"ங்கறது தப்புக் கணக்கு. தட்டினா ஓட்டைச் சத்தம் வருது அதனால வெயிட் தாங்காதுங்கறதும் தப்பு, மரச்சட்டச் சுவர் எத்தனையோ மாடியைத் தாங்கிக்கிட்டு நிக்குது. ராட் ட்ராப் (எலிப்பொறி) முறையில செங்கல்லை நிமிர்த்தி வச்சு நடுவுல பொந்து விட்டு கட்டின சுவரும் தட்டினா வெறுமையாத்தான் ஒலிக்கும், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளாவுல நிறைய வீடு அப்படித்தான் கட்டினாரு, எல்லாம் கூரையைத் தாங்கற சுவர்தான்.

பாக்க வேண்டியது வேற. மேல மரத்தளம்னா உத்தரம், சட்டம் எந்தப் பக்கமா ஓடுது, அதோட முனை இந்தச் சுவர் மேல வந்து உக்காருதா? மேல் மாடியில இதே கோட்டுல இன்னொரு சுவர் இருக்கா? கூரையிலேர்ந்து ஏதாவது முட்டுக்கால் இறங்கி இது மேல நிக்குதா? பலகைத் தரைன்னா பலகை ஓடற திசைக்குக் குறுக்காத்தான் சட்டம் ஓடும், ஆணி வரிசையைப் பாத்தாலே தெரியும். இதுக்கெல்லாம் பதில் இல்லைன்னு வந்தாக்கூட ஒரு சிக்கல் மிச்சம் இருக்கு. கட்டினப்ப வெறும் தடுப்பா இருந்த சுவர் மேல இத்தனை வருஷத்துல தளம் லேசா தொய்ஞ்சு இறங்கி உக்காந்திருக்கும், யாரும் கேக்காமலே அது தாங்கற சுவரா மாறியிருக்கும். அதனால ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நேர்ல வந்து பாத்து, எழுத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுக்கற வரைக்கும் இடிக்கறது வேணாம். கான்ட்ராக்டர் வாய்ல சொன்னது கேஸுக்கு நிக்காது. ஒயரிங்குக்கு காடி வெட்டறதா இருந்தாலும் இந்த மாதிரி பலவீனமான மெல்லிசு சுவர்ல குறுக்க நீளமா வெட்டாதீங்க, நெட்டுக்குத்தா வெட்டச் சொல்லுங்க. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வேற வீடுன்னா அவங்களைக் கேக்காம தொடாதீங்க.

வித்தவங்க மேல கேஸ்

நான் கட்டடக்காரன், வக்கீல் இல்ல, சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். ஆனா இந்த மாதிரி தகராறுக்கு ரிப்போர்ட் எழுதிக் கொடுக்கற ஆளுங்கற முறையில ஒண்ணு சொல்றேன், பழைய மெட்டீரியல்ல கட்டியிருக்குங்கறது மட்டுமே குறை ஆகாது. கிட்டம் பிளாக்கும், மரப்பட்டிச் சுவரும், மண் சாந்தும் அந்தக் காலத்து முறையான கட்டுமானம். வித்தவங்களுக்கே தெரியாம இருந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. அவங்களுக்குத் தெரிஞ்சிருந்து, நீங்களோ உங்க வக்கீலோ எழுத்துல கேட்டு, அவங்க இல்லைன்னு எழுதிக் கொடுத்திருந்தாத்தான் பேச்சுக்கு இடம். ஆஸ்பெஸ்டாஸ் ரிப்போர்ட் ஒண்ணு முன்னாடியே எடுத்து வச்சுட்டு மறைச்சாங்கன்னு தெரிஞ்சா அது வேற. வாங்கறதுக்கு முன்னாடி நீங்க காசு கொடுத்து இன்ஸ்பெக்‌ஷன் பண்ணியிருந்தா அந்த ரிப்போர்ட்ட முதல்ல எடுத்துப் படிங்க, சுவரைப் பத்தி என்ன எழுதியிருக்கு, எதெல்லாம் பாக்கலைன்னு எழுதியிருக்குன்னு. புகார் கொடுக்க காலக்கெடு இருக்கும், அதனால வக்கீலைப் பாக்கறதைத் தள்ளிப் போடாதீங்க, பாக்கற வரைக்கும் எதையும் இடிச்சு ஆதாரத்தை அழிச்சுடாதீங்க.

கேஸை விட அவசரமா ஒரு வேலை இருக்கு, இன்சூரன்ஸ் பேப்பரை எடுங்க. அதுல சுவர் எதால கட்டினதுன்னு ஒரு கட்டம் இருக்கலாம், சாதாரணமா எல்லாரும் செங்கல்னு டிக் பண்ணிடுவாங்க. மண் சுவர்னோ சட்டச் சுவர்னோ இப்ப தெரிஞ்சுடுச்சுன்னா கம்பெனிக்கு எழுதித் தெரிவிச்சிடுங்க, தப்பான விவரத்தைக் காட்டி பின்னாடி க்ளைமை மறுக்க இடம் கொடுக்காதீங்க. பேரு முக்கியமில்லைன்னு மேல சொன்னேன் இல்லையா, இந்தக் கட்டத்துக்கு மட்டும் முக்கியம்.

வேலைக்கு வர்றவங்க விஷயம் ஒண்ணு. உங்க வீட்டுல ஓட்டை போடற பையனுக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. லேப் ரிசல்ட்டோட ஒரு காப்பியை கான்ட்ராக்டர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு கொடுங்க. ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத சுவரா இருந்தாலும் கல்லு, செங்கல், சிமெண்ட் தூசியில சிலிக்கா இருக்கு, தினம் அதையே சுவாசிக்கறவங்களுக்கு அதுவும் நுரையீரலைக் கெடுக்கும், தண்ணி தெளிச்சு வேலை செய்யச் சொல்லுங்க, நல்ல மாஸ்க் போடாம விடாதீங்க.

குழந்தை ரூம் பெயிண்ட்

சுரண்டாதீங்க. உப்புத்தாளும் வேணாம், தீ காட்டி உரிக்கறதும் வேணாம். அந்தக் காலத்து பெயிண்ட்ல ஈயம் கலந்திருக்கும், அமெரிக்கா வீட்டு பெயிண்ட்ல அதை 1978லதான் தடை பண்ணுச்சு, சில நாடுகள்ல அதுக்கும் ரொம்ப பின்னாடி. அடுக்கடுக்கா மேல எத்தனை புது கோட் இருந்தாலும் அடியில அது இருக்கும், தேய்ச்சா தூசியா தரையில படியும், தவழற குழந்தை கையோட வாய்க்குள்ள போகும், மூளை வளர்ச்சியை பாதிக்கும். ஜன்னல், கதவு உரசற இடம்தான் சுவரை விட மோசம். லேப்புக்கு அனுப்பற பார்சல்ல எல்லா அடுக்கும் சேர்ந்த மாதிரி ஒரு சின்ன பெயிண்ட் சில்லையும் தனிக் கவர்ல போட்டு, எந்த ரூம் எந்த சுவர்னு மேல எழுதி அனுப்புங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் குழந்தையை வேற ரூம்ல படுக்க வைங்க, ஜன்னல் ஓரத்தையும் தரையையும் ஈரத்துணியால துடைங்க. பெயிண்ட் உரியாம நல்லா ஒட்டியிருந்தா ஈயம் இருக்குன்னு வந்தாலும் மேல புது கோட் அடிச்சு மூடிடலாம், ஜன்னல் சட்டத்தை மட்டும் இதுக்குன்னு பயிற்சி எடுத்த ஆளை வச்சு கழட்டி மாத்திக்கோங்க.